திருநின்றவூரில் ஒரு நங்கூரம்

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை. ஏரி நிரம்பி அக்கா வீட்டுத் தெருவில் தண்ணீர். இன்னும் இரண்டு நாள் மழை என்கிறார்கள். மாமாவுக்கு ஓசூரில் வேலை. பிள்ளைகள் இரண்டையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அக்கா மட்டும் வர மாட்டேன் என்கிறாள். "நல்லா நங்கூரம் போட்டுட்டா" என்று அம்மா புலம்ப, நான் கிளம்பினேன்.

மின்சார ரயில் ஐந்து ரூபாய், அரை மணி நேரம். ஷேர் ஆட்டோ இருபது. அது தார் ரோடு முழுகுகிற இடத்தோடு சரி. அப்புறம் படகு, தலைக்கு ஐம்பது. ஏரியில் மீன் பிடிக்கிற பாபு ஓட்டுகிறான்.

"இன்னா சார், ஷூ போட்டுகினு வந்துகீற? ஆபீஸா இங்க?"

கழற்றினேன்.

நான் மரைன் இன்ஜினியரிங் படித்தவன், கப்பலிலும் கொஞ்ச நாள் இருந்தவன். நம்மூரில் நங்கூரம் என்ற சொல் படுகிற பாட்டைப் பார்த்தால் எரிச்சல் வரும். விருந்தாளி கிளம்பாவிட்டால் நங்கூரம். டீக்கடையில் ஒருத்தன் எழுந்திருக்காவிட்டால் நங்கூரம். காலத்துக்கும் அசையாமல் கிடப்பதற்கா அது? காற்று இழுத்துக்கொண்டு போகாமல் கப்பலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க, அவ்வளவுதான். சங்கிலியின் கடைசிக் கண்ணி கப்பலுக்குள் ஒரு முளையில் மாட்டியிருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் முளையைத் தட்டிவிட்டு, நங்கூரத்தைக் கடலுக்கே கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அக்கா வீட்டு கேட்டருகே பாபு கயிற்றில் கட்டிய கல்லைத் தண்ணீருக்குள் இறக்கினான். படகு நின்றது. அந்தக் கல் எனக்குத் தெரியும். அக்காவின் கிரைண்டர் குழவி. தெருவுக்கே இட்லி மாவு அரைத்து விற்றவள். போன வருஷத் தண்ணீரில் மோட்டார் போயிற்று.

"அக்காவேதான் குட்த்துச்சு சார். சும்மாதான கீது, வெச்சிக்கோன்னு."

கீழே ஹாலில் முட்டி வரை தண்ணீர். அக்கா மாடிப்படிக்கு மேலே இருக்கிற சின்ன அறையில் அடுப்பு வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்புக்கா."

"போன வருஷம் கிளம்பினேன். திரும்பி வந்தா ஒரு குழாய் இல்ல. கழட்டிட்டுப் போய்ட்டானுங்க."

முளைக் கதையைச் சொன்னேன். "கப்பலே விட்டுட்டுப் போகுது. உனக்கென்ன?"

"கப்பலுக்குப் போய்ச் சேர இன்னொரு துறைமுகம் இருக்குடா. எனக்கு எது, சொல்லு."

எங்கள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறை. பிள்ளைகளோடு இப்போதே ஐந்து பேர்.

பிரெட், மெழுகுவத்தி, பவர் பேங்க் எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் தனியாகப் படகேறினேன். பாபு கல்லைத் தூக்கினான். மேலிருந்து அக்கா குரல்: "பாபு, கல்ல எங்கியாவது விட்டுடாத. தை மாசம் மாவு போடணும்."

மழை இன்னும் விடவில்லை. இந்தப் பக்கம் இடம் வாங்க நினைப்பவர்கள் இப்போதே போய்ப் பாருங்கள். ஷூ வேண்டாம். வெயில் காலத்தில் புரோக்கர் கூப்பிட்டால் போகாதீர்கள். அக்கா சித்திரையில் பார்த்துத்தான் வாங்கினாள்.