கூப்பிடாத பந்தி

பேரூர் கோயிலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் தான் குடியிருக்கக் கட்டிய பங்களாதான் எங்கள் ஹோட்டல். தேக்குப் படிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடிகள், மாடியில் நின்றால் கோபுரம். நான் அங்கே மேனேஜர். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. விருந்தினர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மறுபடி கேட்டு நச்சரிக்கக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சட்டம் போட்டவளும் நான்தான்.

போன வருஷம் காங்கேயத்திலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாளுக்காக, வெளிநாட்டில் இருக்கும் மகள் மூன்று நாளைக்கு அறை போட்டிருந்தாள். மூன்று வேளைச் சாப்பாடும் அதில் அடக்கம். ஆனால் வந்த மறுநாள் விடியற்காலையிலேயே பையோடு இறங்கி வந்து, ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லிச் சாவியை நீட்டினார்கள். கல்யாண நாளே அடுத்த நாள்தான். என்ன குறை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று அந்தம்மா சிரித்தார். எங்கள் பக்கம் மனசு நொந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

சாப்பாட்டு அறைக்குப் போன் போட்டு விசாரித்தேன். வந்ததிலிருந்து ஒருவேளைகூட அவர்கள் அங்கே வரவில்லையாம். காப்பி வேணுமா என்று கேட்டதற்கு ‘இருக்கட்டுங்க’ என்றார்களாம். என் சட்டப்படி யாரும் மறுபடி கேட்கவில்லை. முந்தின நாள் இரண்டு வேளையும் கோயில் தெரு மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தை நான்தான் அவர்களிடம் சொன்னேன். நேரம்தான் சொன்னேன், வாங்க என்று கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் கூப்பிடாத இடத்தில் போய்ச் சாப்பிட உட்கார மாட்டார்கள், முதல் தடவை கேட்டதுமே சரி என்றும் சொல்ல மாட்டார்கள். கிணத்துக்கடவில் பிறந்த எனக்கு இது தெரியாதா? வெட்கமாகப் போய்விட்டது.

சாவியை வாங்காமல் வரவேற்பு மேசையைச் சுற்றிக்கொண்டு அவர்களிடம் வந்தேன்.

“ஏனுங்க, வாங்க சாப்புடலாமுங்க.”

“ஆச்சுங்க அம்மணி,” என்றார் பெரியவர். மணி ஆறரை. எந்த மெஸ்ஸும் திறந்திருக்காது.

“எங்க ஊட்டுக்கு வந்துபோட்டுச் சாப்புடாமப் போறதுங்களா?”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்...”

மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் வந்தது.

இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் நானே பரிமாறினேன். பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். நாளைக்கும் இருப்பீங்கதானே என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அந்தம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, நீங்க சாப்பிட்டீங்களா என்று என்னைக் கேட்டார். ஊழியர்கள் விருந்தினரோடு உட்காரக் கூடாது. அந்தச் சட்டமும் என்னுடையதுதான். எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“ஆச்சுங்க,” என்றேன்.

“ஒரு வாய் சாப்புடுங்க கண்ணு.”

“இருக்கட்டுங்க.”

மூன்றாவது முறை அவரும் கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்து வைத்துச் சந்தகையை அள்ளிப் போட்டார். சாப்பாட்டு அறை ஊழியர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.