அமைச்சர் கார் திரும்பிய இடம்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் ஊறிய விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்க வேண்டும். அங்கே அவளை 'எக்ஸ்பிரஸ்' என்றால்தான் தெரியும். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைத் தாண்டி, வளைந்த கைப்பிடி வைத்த பந்தய சைக்கிளில் அவள் பறப்பதைப் பார்த்து வாட்ச்மேன் வைத்த பெயர் அது. கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியாரின் முணுமுணுப்பு எதுவும் அவளைச் சைக்கிளிலிருந்து இறக்கவில்லை. "உங்க அக்கா என்னைக் கட்டிக்கிட்டதே டயருக்குக் காத்தடிக்க ஆள் வேணும்னுதான்" என்பார் அத்தான். பாதி உண்மைதான்.

அவளுக்கு ஒரே ஆசை. மாநில அணியின் நீல ஜெர்சியை ஒரு தடவையாவது போட்டுக்கொள்ள வேண்டும். அணிக்கு எடுப்பது மூன்று பேரை. இவள் இரண்டு முறை நாலாவதாக வந்தாள். இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சோறு வடித்தாள்.

பிறகு அரசாங்கம் மூக்கை நுழைத்தது. அதுவரை கிளப்காரர்களே ஞாயிறு விடியலில் சாலையைப் பெருக்கி, பந்தயத்தை நடத்தி, வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இனி சைக்கிள் பந்தயத்தை ஒழுங்குபடுத்துவதும் ஊக்குவிப்பதும் விளையாட்டுத் துறையின் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. ஆம்புலன்ஸ் வரும், லாரிக்காரன் குறுக்கே வரமாட்டான் என்று நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். முதலில் வந்தது வயது வரம்பு. பெண்கள் முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். ஆண்களுக்கு வரம்பே கிடையாது. காரணம் கேட்டால், "விதி அப்படித்தான்." அக்காவுக்கு அப்போது முப்பத்துநாலு. அந்த வருஷத் தேர்வுப் பந்தயம்தான் அவளுக்குக் கடைசி.

துறைப் பொறுப்பாளரை எல்லோரும் 'விசில்' என்போம். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போதும் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அப்புறம் பந்தயத்துக்கு அனுமதி கிடைத்த மாதிரிதான்.

சாலைப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள் கூட்டம் அதிகம் என்பதால் முன்னால் ஒரு கார் மெதுவாகப் போகும். எல்லோரும் அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஊர் எல்லையில் காரிலிருந்து கொடி அசைந்த பிறகுதான் நிஜப் பந்தயம். கொடிக்கு முன் காரைத் தாண்டினால் ஆளை நீக்கிவிடுவார்கள். அந்தக் கார் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று துறை அமைச்சர் ஆசைப்பட்டார். விசில் உடனே பல்லை இளித்துத் தலையாட்டிவிட்டார்.

பந்தயத்தன்று நான் அக்காவுக்கான மாற்றுச் சக்கரத்தை முதுகில் கட்டிக்கொண்டு பைக்கில் கடைசியாக வந்தேன். ஊர் எல்லைக்குப் பாதி வழியிலேயே அமைச்சருக்குப் பசி எடுத்துவிட்டது. கார் இடதுபக்க விளக்கைப் போட்டு, அரசு விருந்தினர் மாளிகைக்குள் திரும்பியது. விதிக்குப் பயந்த அத்தனை பெண்களும் அதன் பின்னாலேயே கேட்டுக்குள் போனார்கள்! காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொருத்திக்கும் சல்யூட் வைத்தான்.

அக்கா மட்டும் கேட்டருகே பிரேக் பிடித்தாள். "ஏய், இது பாதையே இல்லடி! நேரா வாங்க!" என்று கத்தினாள். ஒருத்தியும் திரும்பவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே மிதித்தாள்.

எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நான் கேட்டிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கார் ஓரமாக நின்றது. அமைச்சர் சாப்பிட்டார். பெண்கள் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பல்லைக் குத்திக்கொண்டே வெளியே வந்த மனுஷன், புகைப்படக்காரன் லென்ஸ் மாற்றும்வரை காத்திருந்து, மாளிகை வாசலிலேயே கொடியை ஆட்டினார். சாலையைத் திறக்க நேரமாகிவிட்டதால் பந்தயத்தைப் பாதித் தூரத்திலிருக்கும் பாலம் வரை என்று வெட்டிச் சுருக்கிவிட்டார்கள்.

அக்காவோ முழுப் பாதையையும் ஓட்டி முடித்திருந்தாள். முக்குக்கு முக்கு போலீஸ்காரர்கள் அவளுக்காக லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். முடிவுக்கோட்டில் துறையின் இன்னொரு புகைப்படக்காரனைத் தவிர ஈ காக்காய் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் முன்னால் வந்தவளை, காரைத் தாண்டினாள் என்று நீக்கி, ஒரு வருஷம் தடையும் போட்டார்கள். அந்தத் தடை முடியும்போது அவள் வயது வரம்பைத் தாண்டியிருப்பாள்.

அடுத்த மாதம் பெரிய சிக்னலில் ஒரு விளம்பரப் பலகை முளைத்தது. காலிச் சாலை, தனியாக ஒரு பெண், குனிந்த முதுகு. என் அக்காதான். அன்று அவள் போட்டிருந்தது வெளுத்த பழைய பனியன். கம்ப்யூட்டரில் அதை அழித்து மாநில அணியின் நீல ஜெர்சியை மாட்டிவிட்டிருந்தார்கள். கீழே, 'துணிந்து வா, முந்திச் செல்!'

மறுநாளே நானும் அக்காவும் துறை அலுவலகத்துக்குப் போனோம். ஒரே அறையை நடுவில் பீரோ போட்டுப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒழுங்குமுறை, அந்தப் பக்கம் ஊக்குவிப்பு. விசில் இந்தப் பக்கம் இருந்தார்.

"கார் சாப்பிடப் போயிடுச்சு சார். நான் தாண்டவே இல்ல" என்றாள் அக்கா.

"அது எங்க போனாலும் முன்வண்டிதாம்மா. கொடி அசையலையே?"

"அப்ப அந்த போர்டு?"

"அது ஊக்குவிப்புப் பிரிவு. அந்தப் பக்கம் கேளுங்க."

"அந்தப் பக்கம் யாரு சார் இருக்கா?" என்றேன் நான்.

"அதுவும் நான்தான். ஆனா ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

எனக்கு அந்த விசிலைப் பிடுங்கி அவர் வாயிலேயே திணிக்கலாமா என்று வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சலவைச் சோடாவில் தோல் உரிந்த கை.

"தடை இருக்கட்டும் சார்" என்றாள். "போட்டோவும் இருக்கட்டும். அந்த ஜெர்சியை மட்டும் அழிச்சிடுங்க. அதை நான் போட்டதே இல்ல."

விசில் உண்மையிலேயே புரியாமல் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா? உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு?"