நாலை அழுத்தினால் வருபவர்

அந்தக் கணித மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டால் முதலில் ஒரு பதிவுக் குரல் பேசும். வாங்க ஒன்றை அழுத்தவும், புதுப்பிக்க இரண்டை அழுத்தவும், புகாருக்கு மூன்றை அழுத்தவும், மற்றவற்றுக்கு நாலை அழுத்தவும். மனிதனுக்கு வரும் கஷ்டமெல்லாம் 'மற்றவை'யில்தான் அடங்கும் என்பதால் எல்லோரும் நாலைத்தான் அழுத்துவார்கள். நாலை அழுத்தினால் அக்கா வருவார். எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் அவருக்கு 'நாலாம் நம்பர்' என்றே பெயர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் மூன்று மேஜை போட்ட அறை அவருடைய அலுவலகம். ஒரு மேஜையில் விற்பனை மேலாளர், ஒன்றில் பழைய அட்டைப் பெட்டிகள், கால் ஆடும் ஒன்றில் அக்கா. கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை ஒரு மாதம் போன் எடுக்கலாம் என்று வந்தவர். அந்த ஒரு மாதம் ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கணவர் லிப்ட் மெக்கானிக். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். நடுவுல மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்கறது" என்பார். மாமியாருக்கு மட்டும் இது தொழில் என்பதிலேயே நம்பிக்கை இல்லை. போனில் பேசுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் என்னை ஏன் இத்தனை வருடம் வீட்டில் வீணடித்தீர்கள் என்று மகனிடம் கேட்டாராம்.

அக்காவிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு. யார் என்ன சொல்லி அலறினாலும், "திரையில என்ன இருக்கோ அதை வாசிங்க" என்பார். ஒரு எழுத்து விடாமல் வாசிக்க வேண்டும். பாதிப் பேருக்கு வாசிக்கும்போதே வியாதி தீர்ந்துவிடும். தீர்ந்ததும் நன்றி சொல்லாமல் வைத்துவிடுவார்கள். அதை அவர் வாழ்த்தாக எடுத்துக்கொள்வார். ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் அணிக்கு, அதாவது மேட்ரிக்ஸுக்கு, நேர்மாறு வரவில்லை, மென்பொருளில் கோளாறு என்று அழுதிருக்கிறார். அக்கா எல்லா எண்களையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுக்கு நேர்மாறே கிடையாது தம்பி. உங்க கைடு வந்தாலும் வராது" என்றாராம். அந்தப் பையன் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டான் என்று கேள்வி.

இந்த அக்காவின் மேஜைக்கு உலை வைத்தவன் நான்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறியவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இல்லாவிட்டால் அந்தப் படிக்கே மரியாதை இல்லை. தேர்வுப் பிரிவில் மதிப்பெண் கணக்கிடும் கணினி நிரல்களை எழுதுவது என் வேலை. மூன்று தாள், செய்முறை, வருகை எல்லாவற்றையும் விகிதம் போட்டுக் கூட்டி முழு எண்ணாக்கும் வேலைக்கு, யாரோ ஒரு பழைய பேராசிரியர் அந்த விலையுயர்ந்த மென்பொருளை இருபது இருக்கைக்கு, அதாவது இருபது கணினிக்கு, வாங்கி வைத்திருந்தார். கொசு அடிக்கப் பீரங்கி. அதே வேலையைச் செய்யும் திறந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இவர்களுடையது பூட்டின பெட்டி என்று தேர்வு அதிகாரியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் காதில் 'இலவசம்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

விற்பனை மேலாளர் ஓடி வந்தார். எங்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. வாடிக்கையாளர் எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் தலைமை அலுவலகத்தார் இங்குள்ள போன் மேஜையை மூடிவிட்டு அழைப்புகளை எங்கோ ஒரு பெரிய மையத்துக்குத் திருப்பிவிடுவார்களாம். நாங்கள்தான் பன்னிரண்டாவது. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால், ஒருவர் பதில் சொல்வதற்காக வருடா வருடம் கொட்டிக் கொடுப்பானேன்? இணையத்தில் பதில் சொல்ல ஆயிரம் பேர் கைகட்டிக் காத்திருக்கிறார்களே.

ஒப்பந்தத்தின் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. மறுநாள் காலை தேர்வு முடிவு வெளியாக வேண்டும். புது நிரலில் முடிவுகளை ஓடவிட்டு, பழையதோடு ஒப்பிட்டேன். பழையதில் தேறிய பதினேழு பேர் புதியதில் தோற்றிருந்தார்கள்.

நிரலை மூன்று முறை சரிபார்த்தேன். கூட்டல் சரி, விகிதம் சரி. தேர்வு அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஓசிச் சாமான் புள்ளைங்கள பெயில் போடுதாப்பா? காசு குடுத்த சாமான் பாஸ் போட்டுச்சே" என்றார். நான் இணைய மன்றத்தில் கேள்வி போட்டேன். பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் ஒன்பதே நிமிடத்தில் பதில் போட்டார்: 'இது பிழை அல்ல. ஆவணத்தைப் படிக்கவும்.' கீழே ஒரு இணைப்பு. பட்டதாரியைப் பார்த்துப் படி என்கிறானே என்று எனக்கு வந்த கோபத்தில் அந்த இணைப்பைத் திறக்கக்கூட இல்லை.

மணி நாலு இருபது. போனை எடுத்து நாலை அழுத்தினேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்டார்: "உங்க புது மென்பொருள்ல தகராறுன்னா என்னை ஏன் கூப்பிடறீங்க தம்பி? பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதா என் இடுப்புலயா தூக்கி வைப்பீங்க?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எங்க விடையும் வேற எடத்து விடையும் ஒத்துப்போகலைன்னா ஏன்னு விளக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் நீங்க கஸ்டமர்தான். அந்தப் பதினேழு பேருக்கும் முழு எண்ணாக்கறதுக்கு முன்னாடி என்ன மார்க்? வாசிங்க."

பின்னாலிருந்து விற்பனை மேலாளரின் குரல் கேட்டது. முதலில் புதுப்பிக்கச் சொல்லுங்கள், அப்புறம் விளக்கலாம், இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா போனைப் பொத்தினார், ஆனால் சரியாகப் பொத்தவில்லை. "போற மேஜை என்னோடது. எனக்கே அவசரம் இல்ல, உங்களுக்கு என்ன? பதினேழு புள்ளைங்க தொங்கிட்டு நிக்குது" என்றது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

நான் வாசித்தேன். நாற்பத்துநாலரை. நாற்பத்துநாலரை. நாற்பத்துநாலரை. மூன்றாவதோடு நிறுத்தப் பார்த்தேன். அவர் பதினேழையும் வாசிக்க வைத்தார். தேர்ச்சி மதிப்பெண் நாற்பத்தைந்து.

"சரி. நாற்பத்தஞ்சரை எடுத்தவங்க என்ன ஆனாங்க?"

பார்த்தேன். நாற்பத்தாறு.

"ஒரு அரை கீழ போகுது, ஒரு அரை மேல போகுது. இப்ப உங்க மென்பொருளோட ஆவணத்துல, முழு எண்ணாக்கற கட்டளைக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு வாசிங்க."

பூனைப் படக்காரர் கொடுத்த இணைப்பும் அதே பக்கத்துக்குத்தான் போனது. எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தேன். சரிபாதியில் நிற்கும் எண்ணை, பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எல்லா அரையையும் மேலேயே தள்ளினால் மொத்தக் கூட்டல் ஊதிப் போகும், அதைத் தடுக்க இந்த ஏற்பாடு என்று காரணமும் இருந்தது. எங்கள் பழைய மென்பொருள் எப்போதும் மேலே தள்ளியது. இரண்டும் சரி. அரை வந்தால் மேலே என்பதுதான் எங்கள் கல்லூரி விதி என்று இரண்டுக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

"அரையைக் கூட்டி, புள்ளிக்குப் பின்னால வர்றத வெட்டிடுங்க. தீந்துச்சு" என்றார்.

இந்த மென்பொருள் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்ல பொண்ணு கணக்குப் போட அதான் வச்சிருக்கேன். எங்க கம்பெனிது வாங்கற வசதி எனக்கு ஏது?" என்றார். கொஞ்சங்கூடக் கூச்சப்படவில்லை. ஒரு வரியை மாற்றி ஓடவிட்டேன். பதினேழு பேரும் தேறினார்கள். ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் போனை வைத்தார். புதுப்பிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்றத்துக்காரர் ஒன்பது நிமிடத்தில் சொன்னதைத்தான் அக்கா நாற்பது நிமிடம் எடுத்துச் சொன்னார். மன்றத்துக்காரர் சொன்னது அறிவுக்குப் போதும். ஆனால் நான் படிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்கு எந்தத் தலையெழுத்தும் இல்லை. சும்மா கிடைக்கும் உதவி, நமக்கு வாய்க்கொழுப்பு இருக்கிற அன்றைக்கு உதவாது. இதைத் தேர்வு அதிகாரியிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

முடிவு வெளியான பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மன்றத்துப் பதிலை நான் திறக்காததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "சாமான் ஓசிலயே இருக்கட்டும். அந்த அம்மாவை மட்டும் வாங்க முடியுமா பாரு" என்றார். முடியாது. போன் உதவி தனியாக விற்பனைக்கு இல்லை. ஓர் இருக்கையாவது வாங்கினால்தான் கூட வரும். எங்கள் கொள்முதல் படிவத்திலும் 'பொருள்' என்ற கட்டம்தான் இருந்தது, 'பதில்' என்று கட்டமே இல்லை. ஆகவே இருபது இருக்கை இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று கேட்டு எழுதினேன். இலவசத்தில் வேலை நடக்கும்போது இது எதற்கு என்று கொள்முதல் குழுவில் ஒருவர் மடக்கினார். "கூப்பிட்டா வர்ற ஆளுக்கு சார்" என்றார் தேர்வு அதிகாரி. கையெழுத்துப் போட்டார்கள்.

உத்தரவை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன், குரலைவிடக் குள்ளம். காகிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார், முத்திரையைக்கூட விடவில்லை.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்க்கா."

"எத்தனை சீட்டுன்னு தலைமை ஆபீஸ்ல கேக்கல, எத்தனை கஸ்டமருன்னுதான் கேட்டாங்க. பன்னிரண்டு ஆச்சு" என்று காகிதத்தை மடித்தார்.

விற்பனை மேலாளர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, எங்கள் ஓர் இருக்கைக்கான மென்பொருள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் பிரிக்கப் போவதில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.