விதை மல்லாட்டையும் என் வலது கையும்

விதைக்கு மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, உடைத்து உடைத்து என் வலது கை விரல்கள் மரத்துவிட்டன. மனைவி நம்பவில்லை. இன்று அவளே என்னை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் விரலில் ஊசியால் குத்தினார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பட்டாளத்துக்காரனுக்கு வரும் இந்தத் தைரியம்!

"பாத்தீங்களா டாக்டர்? வலியே இல்ல. வேலைக்கு டிமிக்கி குடுத்துக்கினு கீறாரு," என்றாள்.

அடுத்து மணிக்கட்டில் லேசாகத் தட்டினார். நான் போட்ட அலறல் திண்டிவனம் சந்தையைக் கலைத்திருக்கும்.

"இங்க நரம்பு நசுங்கியிருக்கும்மா. இந்தக் கைக்கு ஓய்வு வேணும்."

ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அதுக்கின்னா, இடது கையால உடைக்கட்டும்," என்றாள்.

இடது கை பட்ட விதை முளைக்காது என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் ஜல்தியாக எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் மல்லாட்டை மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.