மாடியில் கேட்ட புதுக் குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பாரிவாக்கத்தில் நாங்கள் வாடகைக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. தெருவில் கடைசி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் நாங்கள். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் எல்லைக்கல் நட்ட காலி மனைகள்தான் தெரியும். பட்டப்பகலிலும் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது.

என் மகள் அப்போது பிளஸ் ஒன். வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கும்போது திக்கியிருக்கிறாள், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுவிட்டது. வீட்டிலும்தான். காது, தொண்டை எல்லாம் சோதித்துவிட்டோம். ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

நான் அடுப்படியில் நிற்பேன், செல்போன் அதிரும். எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து ‘அம்மா’ என்று ஒரே ஒரு வார்த்தை வந்திருக்கும். திரும்பினால் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்றே தெரியாது. ஒருநாள் திருமழிசையில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. பெற்ற பெண்ணின் குரல்! பூந்தமல்லி வரும்வரை முயன்றேன், வரவேயில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

கீழ்வீட்டு அம்மாள் என் வயதுதான், அந்த ஊர்க்காரர். “க்கா, தப்பா நெனிச்சுக்காத. பின்னாடி மனைங்க கீதே, அங்க காத்து கருப்பு உண்டு. ஒரு தபா மந்திரிச்சுகினு வந்துடு” என்றார். டிகிரி படித்தவள் நான், சிரித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையே போய்க் கயிறு வாங்கி வந்து மகள் கையில் கட்டினேன். அவள் மறுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்பத்தூரில் ஒரு பெண் மனநல மருத்துவரிடம் மூன்று முறை கூட்டிப்போனேன். அவர் மகளைப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று கேட்பார். “பத்து மணிக்கே படுத்துடுவா டாக்டர்” என்பேன் நான். சாப்பிட என்ன பிடிக்கும் என்பார். அதற்கும் நானே பதில் சொல்வேன். பாவம், பிள்ளை ஏன் சிரமப்பட வேண்டும் என்ற எண்ணம்தான். மூன்றாம் முறை டாக்டர் சிரித்தபடி, “நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்கம்மா” என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஏற்பாட்டையும் மாற்றினார். இனி சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போனிலேயே பார்க்கலாம். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் என்னோடு பேசிவிட்டு, அப்புறம் அறையில் மகள் மட்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். அவள் கேமராவைப் போட வேண்டியதில்லை, தானும் போடப்போவதில்லை என்றார். வீட்டில் சொன்னதும் என் கணவர், “பேசாத பொண்ணுக்குப் போன்ல வைத்தியமா? அதுவும் ரெண்டு பக்கமும் இருட்டு. நல்லா வெளங்கிடும்!” என்றார்.

இரண்டு வாரம் ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் மட்டுமே கதவுக்கு வெளியே, கீழ்வீடு வரைக்கும் கேட்டது. மகள் தட்டச்சு செய்து பதில் அனுப்புவாள் போல. மூன்றாவது சனிக்கிழமை நான் தண்ணீர் கேன் எடுக்கக் கீழே இறங்கினேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கீழ்வீட்டு அம்மாள் தலையைத் தூக்கி, “மேல யாருக்கா வந்துகீறாங்க?” என்றார்.

யாருமில்லை என்றேன்.

“இன்னாக்கா சொல்ற? டாக்டரம்மா கொரலு எனக்குத் தெரியும். இது வேறயா கீது. கட்டக் கொரலு.”

கேனை அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினேன். கீழ்வீட்டு அம்மாள் என்னோடு வரவில்லை. பாதிப் படியிலேயே எனக்கும் கேட்டது. காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு குரல். சிறு பெண்ணின் குரலே இல்லை. அந்த அறையில் என் மகளைத் தவிர யாருமில்லை. படித்த படிப்பு அத்தனையும் அந்தப் படிக்கட்டிலேயே போய்விட்டது. அந்த மனைகளிலிருந்து ஏதோ ஏறி வந்து என் பிள்ளையின் வாயால் பேசுகிறது என்றே நம்பினேன்.

கதவில் காதை வைத்தேன். “எங்கம்மா…” என்றது குரல். அப்போதுதான் புரிந்தது, அது அவள்தான். மாதக்கணக்கில் பேசாமல் கிடந்த தொண்டை அப்படிக் கரகரத்திருக்கிறது.

நான் அசையவில்லை, மூச்சுகூட விடவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனிலிருந்து டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “கதவுகிட்ட நிக்கிற அம்மா, தயவுசெஞ்சு கீழ போயிடுங்க.”

கேமரா இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. எப்படித் தெரிந்தது? சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மாலையில் அவரே அழைத்தார். நான் அதைத்தான் முதலில் கேட்டேன். “நான் பாக்கலம்மா, கேட்டேன். அவ குரல் இறங்கிடுச்சு. கிளினிக்ல நீங்க நாற்காலியை அவ பக்கம் இழுத்துப் போடும்போதெல்லாம் அவ மூச்சு இப்படித்தான் இறங்கும்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பின் ஐந்து சனிக்கிழமைகள் அவள் வாயைத் திறக்கவில்லை. என்னால்தான். மூன்று மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். கிடைத்ததை நானே கெடுத்துவிட்டேனோ, இனி வரவே வராதோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆறாவது வாரம் கீழ்வீட்டு அம்மாள் போன் செய்தார். “க்கா, கொரலு வந்துகீது! நீ வராத. அங்கியே குந்திகினு இரு.” பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றாமல் அழுதேன்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். குறைவாகத்தான் பேசுவாள், ஆனால் பேசுகிறாள். இனி நேரிலேயே வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியாகிவிட்டதே, இன்னும் எதற்குப் போன் வைத்தியம் என்று உறவினர்களும் கேட்கிறார்கள். அவளிடமே கேட்டேன். “நேர்ல போனா என்னைப் பாக்கறாங்கம்மா. போன்ல என்னைக் கேக்கறாங்க” என்றாள். மாதம் ஒருமுறை அதே இருட்டுத் திரையில் பேச்சு தொடர்கிறது. அன்று ‘எங்கம்மா’ என்பதற்கு அடுத்து என்ன சொல்ல வந்தாள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை.

யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் பதில் வர ஓரிரு நொடி ஆகிறது. அந்த நொடிகளில் எனக்கு இன்றும் நாக்கு தானாக எழுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.