பச்சை நூலும் ஒரு சண்டைச் சேவலும்

தையல்காரனுக்கு ஊரில் உள்ள அத்தனை பேர் இடுப்பும் தெரியும். அதை வாயால் சொல்லாமல் இருக்கிற வரைக்கும்தான் அவனுக்குப் பிழைப்பு. கடை வைத்துக் கஷ்டப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டீக்கடையோ சைக்கிள் கடையோ, வாயை அடக்கத் தெரியாதவன் கடை திறக்கவே கூடாது. நான் திறந்தேன்.

எழுபதுகளின் கடைசி. பெல்பாட்டம் போட்டவர்கள் ஊரையே கூட்டிப் பெருக்கிக்கொண்டு நடந்த காலம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு எதிரே என் கடை. ரெண்டு மிஷின், ஒரு கட்டிங் டேபிள், துணி மாற்ற மூலையில் ஒரு திரை. காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் ராமாயி அக்கா. அந்த அக்கா வாய்க்கு லைசென்ஸ் கிடையாது.

என் பெருமை

பேண்ட்டில் முதலில் பிரிகிற இடம் எதுவென்று உட்கார்ந்து எழுந்த எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் மற்றவர்கள் ஒரு வரி தையல் போடுவார்கள், மனசு இருந்தால் ரெண்டு. நான் மூணு வரி போடுவேன், அதுவும் பச்சை நூலில். துணி என்ன கலராக இருந்தாலும் உள்பக்கம் பச்சைதான். கடை தொடங்கின வருஷம் தவறுதலாக ஒரு பெட்டி பச்சை நூல் வந்து சேர்ந்தது. அதைத் தீர்க்க ஆரம்பித்தவன், பிறகு அதையே என் முத்திரையாக்கிக்கொண்டேன்.

பம்பாய் லைன் ஓட்டும் லாரி டிரைவர் ஒருவர் ஒரு நாள் பழைய பேண்ட்டைக் கொண்டுவந்து டேபிளில் விரித்தார். துணி சல்லடையாகிவிட்டது. நடுவில் என் மூணு வரி மட்டும் முறுக்குக் கம்பி மாதிரி நிற்கிறது. அவர் குறையாகத்தான் சொன்னார், நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு ஒரு மாசம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்: "ஏனுங் டெய்லரே, துணியெல்லாம் போயிருச்சுங், உங்க தையலு மட்டும் சாவ மாட்டேங்குதுங்!"

ஏட்டையாவின் இடுப்பு

எங்கள் ஸ்டேஷன் ஏட்டையாவுக்குக் காக்கி தைப்பதும் நான்தான். நல்ல மனுஷன். ஆனால் வருஷத்துக்கு ஒரு இஞ்ச் வளர்ந்துகொண்டே வந்தார். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் தொப்பை வைத்தவர்களையெல்லாம் காலையில் மைதானம் சுற்ற விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஏட்டையா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து டேப்புக்கு நின்றார். அக்கா நோட்டோடு தயாராக இருந்தது. நான் பழக்கதோஷத்தில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இடுப்பு நாப்பத்திரெண்டே முக்கா!" என்று கத்தினேன்.

பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டையா இழுத்த மூச்சை விட்டார்; நாற்பத்து நாலு ஆனது. போகிறபோது என் காதருகே குனிந்து சொன்னார்: "எழுதறத நோட்டுல எழுதுய்யா, வாயில சொல்லாத. உனக்கு வாயிதான் எமன்."

சேவலோடு வந்தவன்

அடுத்த வாரமே அந்த எமன் வந்தான். அன்று என் கடையில் ஒரு மாப்பிள்ளையின் பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தனக் கலர் டெரிகாட்டன், இருபத்தாறு இஞ்ச் பாட்டம். மல்லசமுத்திரத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன். அன்று பொழுது சாய நாமக்கல் மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு. நாலு மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து வாங்கிப் போவதாகப் பேச்சு. அந்த மாமன் சொல்லித்தான் அந்தப் பக்கத்து நாலு ஊர் ஜனம் என்னிடம் தைக்கிறது. இந்த ஒரு பேண்ட்டில் சொதப்பினால் நாலு ஊரும் போச்சு.

காலை பதினொரு மணிக்கு வையாபுரி கடைக்குள் ஓடிவந்தான். என் பழைய வாடிக்கை. கக்கத்தில் ஒரு சேவல். பின்னால் திரும்பிக் காட்டினான். பேண்ட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துணியே இல்லை. "வேலி தாண்டறப்ப கிளுவை முள்ளு புடிச்சு இழுத்திருச்சுங்ணா. நிக்க நிக்கத் தெச்சுக் குடுங்" என்றான். எந்த வேலி, எதற்குத் தாண்டினாய் என்று நான் கேட்கவில்லை. சேவல் இருந்த நிலையைப் பார்த்தாலே தெரிந்தது, ஊருக்கு மேற்கே கரட்டு அடிவாரத்தில் சேவல்கட்டுப் பந்தயம் நடந்திருக்கிறது, போலீஸ் வந்திருக்கிறது. இருந்தாலும் வாடிக்கை வாடிக்கைதானே!

திரைக்குப் பின்னால் போய்ப் பேண்ட்டைக் கழற்றி எறிந்தான். அங்கே இருந்த லுங்கியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒட்டுப்போட உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளைப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறான்! "கழட்டுய்யா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "தெச்சா உங்க கையில தெய்க்கோணும்ணா, என்ன கச்சிதம்!" என்றான். அவ்வளவுதான், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம் போட்டுத்தான் பார்க்கட்டுமே என்று விட்டுவிட்டேன். ராமாயி அக்கா கண்ணாடிக்குள் அந்த ஜோடியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அந்தச் சேவலுக்கும் ஒரு அளவு எடுத்துப்போடு தம்பி, மாப்பிள்ளைத் தோழனாட்டவே நிக்குது."

நம்ம தையல்தானுங்க

வாசலில் பூட்ஸ் சத்தம். வையாபுரி சேவலோடு திரைக்குள் பாய்ந்தான். ஏட்டையாவும் ஒரு கான்ஸ்டபிளும் உள்ளே வந்தார்கள். ஏட்டையா ஒரு துணித்துண்டை நீட்டி, "வேலியில கெடச்சுது டெய்லரே. ஆரு தெச்சதுன்னு தெரியுதா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. சாதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாழாய்ப்போன கான்ஸ்டபிள்தான், "இது பஸ் ஸ்டாண்டு டெய்லரு வேலைங்கய்யா, பாத்தாலே தெரியுது" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! பஸ் ஸ்டாண்டு டெய்லர் என்றால் எனக்கு ஆகாது. "அவனா? இப்படித் தெய்க்க அவன் ஏழு சென்மம் எடுக்கோணுமுங்! பச்சை நூல், மூணு வரி. துணிதான் கிழிஞ்சிருக்குது, தையல் பிரிஞ்சிருக்குதா பாருங். இது நம்ம தையலுங்க!" என்று துண்டைப் பிடுங்கினேன். பிடுங்கியதோடு விட்டேனா? ஒப்பிட்டுக் காட்ட, மிஷின் மேல் கிடந்த வையாபுரி பேண்ட்டின் ஓட்டையில் அதை வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து சேவல் கூவியது. அப்புறம் என்ன, கிழிந்த பேண்ட், சேவல், ஆள், மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். வையாபுரி படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கேட்டது இவ்வளவுதான்: "ஏனுங்ணா, சாட்சியத் தெச்சு என்ரகிட்டயே போட்டுக்கக் குடுத்தீங்களாங்?"

சந்தனக் கலர் பேண்ட் ஒன்று

அவர்கள் தெருமுனை திரும்பின பிறகுதான் அக்கா, "தம்பி, மாப்பிள்ளை பேண்ட்டு!" என்றது. தைத்து வைத்திருந்த ஏட்டையாவின் புதுக் காக்கிப் பேண்ட்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே வையாபுரி தரையில் உட்கார்ந்திருக்கிறான், என் சந்தனக் கலரோடு. பக்கத்தில் பெஞ்சுக் காலில் கட்டிய சேவல், அந்தப் பேண்ட்டின் பாக்கெட்டைக் கொத்துகிறது. "சூ! சூ!" என்று விரட்டினேன். எவ்வளவு விரட்டியும் அதே பாக்கெட்டுக்கே வந்தது.

ஏட்டையா கையை விரித்துவிட்டார். "எழுதியாச்சுய்யா. 'ஆசாமி உடுத்தியிருந்தது சந்தனக் கலர் பேண்ட் ஒன்று.' அவன் சொந்தப் பேண்ட்டு சாட்சிப் பொருளா தொண்டியில சேந்துபோயிருச்சு. இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறப்ப ஆசாமி வெறும் தொடையோட நின்னா நான் மைதானம் சுத்தோணும்." மணி ஒன்றரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் என் சொந்தப் பேண்ட் தெரிந்தது. வெளுத்துப்போன பழசுதான், ஆனால் சந்தனக் கலர்!

வையாபுரி மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டிய நியாயமும் இருந்தது. அவனோ, "கல்யாணப் பேண்டுங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா தரையில ஒக்காந்திருக்க மாட்டனுங்களே" என்று தூசியைத் தட்டிக் கழற்றிக் கொடுத்தான். வெட்கத்தில் எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பேண்ட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகக் கெஞ்சி ஏட்டையாவின் காக்கியை மாட்டிக்கொண்டேன். என் இடுப்பு முப்பது, அது நாற்பத்து நாலு. ஒரு கையில் இடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைவீதி வழியே நடந்தேன். வழியை மறித்து நின்ற லாரி ஒன்று என் காக்கியைப் பார்த்ததும் அவசரமாக ஒதுங்கியது. கடைக்கு எதிரே பட்டறை மேஸ்திரி வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏனுங் டெய்லரே, போலீசுல எப்பங் சேந்தீங்? அதுக்குள்ள எளச்சும் போயிட்டீங்களே!"

மாப்பிள்ளையின் பாக்கெட்

தண்ணீர் தெளித்து, கரிப்பெட்டியில் நெருப்பு வைத்து, மடிப்பு கத்தி மாதிரி நிற்கத் தேய்த்தேன். தாய்மாமன் நாலு மணிக்கு வந்து வாங்கிப்போனார். ஏட்டையாவின் காக்கியும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கும் அழைப்பு இருந்ததால் மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். போட்டோகிராபர் "முகத்தத் தொடைச்சுக்கங்க மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை பாக்கெட்டில் கைவிட்டுக் கைக்குட்டையை உருவினார். கூடவே ஒரு பிடி கம்பு மேடையில் சலசலவென்று கொட்டியது!

சேவல் ஏன் அந்தப் பாக்கெட்டையே கொத்தியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வையாபுரி தன் பேண்ட்டைக் கழற்றும்போது சேவல் தீனியைப் பத்திரமாக இதற்கு மாற்றியிருக்கிறான். தேய்க்கிற அவசரத்தில் நான் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து தாய்மாமன் கண் என்னைத் தேடியது. நாலு ஊரும் போச்சு என்று செருப்பை மாட்டினேன். அதற்குள் பெண்ணுக்கு அத்தை முறையான ஒருத்தர், "தானியம் கொட்டுது பாருங் சாமி! எம்புள்ள போற ஊடு நெறைஞ்ச ஊடு!" என்று குலவை போடாத குறையாகக் கத்தினார். மண்டபமே தலையாட்டியது. தாய்மாமன் நேராக என்னிடம் வந்து தோளில் கை போட்டார்: "மொறையெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கறீங்களே டெய்லரே! தை மாசம் எம்பையன் கல்யாணமுங், அவன் பாக்கெட்டுலயும் மறக்காம போட்டுருங்."

மறுபடியும் வையாபுரி

நாலு ஊர் தப்பித்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கடைக்காரனை நம்பி உள்ளே வந்தவனை, ஒரு வறட்டுப் பெருமைக்காகப் பிடித்துக் கொடுத்தவன் நான். அபராதம் கட்டி வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சேவல் கோர்ட்டில் ஏலத்துக்கு வந்தபோது அவனே எடுத்துவிட்டானாம். ஆனால் கடைப்பக்கம் வரவில்லை.

ரெண்டு மாசம் கழித்து ஒரு சந்தை நாளில் வந்தான். என் பழைய பேண்ட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். கூடவே ஒரு புதுத் துணி. நான் எழுந்து நின்று, "நான் பண்ணுனது தப்புதான் வையாபுரி, மன்னிச்சுரு" என்றேன். அவன் துணியை டேபிளில் விரித்து, சுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அத உடுங்ணா. இதுல ஒரு பேண்ட்டு தெய்யுங். பச்சை நூலு மட்டும் வேண்டாமுங். அந்த பஸ் ஸ்டாண்டு டெய்லரு தெய்ப்பாரே, அந்த மாதிரி தெச்சுக் குடுங்."

முப்பது வருஷத் தொழிலில் வேண்டுமென்றே மட்டமாகத் தைத்தது அந்த ஒரு பேண்ட்தான், மனசாரத் தைத்ததும் அதுதான்.