பத்தாவது மேட்ச்

தங்கையனுக்கு நாணுவைக் கண்டால் ஆகாது. மறைத்துப் பேசுவானேன், சுத்தமான பொறாமை. நாணு காலுக்குப் பந்து போனால் இவனுக்கு வயிறு எரியும். நாணு கோல் அடித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே டீம். தன் டீம் கோல் அடித்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட ஆட்டக்காரனைத் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் வேறு எவனும் அகப்பட்டிருக்க மாட்டான்.

டீம் என்பது, பாபநாசத்தில் பஞ்சநதம் முதலாளி நடத்திய அரிசி ஆலையின் டீம். கழக ஆட்சி வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று ஊருக்கு ஊர் கால்பந்துப் போட்டி நடக்கும். சவுக்குக் கழியில் கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, மைக்கில் விடாமல் கத்துவார்கள். முதலாளிக்கு அந்த மைக் என்றால் உயிர். அதில் தன் பெயர் வந்துவிட்டால் மனுஷன் பச்சைப்பிள்ளை மாதிரி சிரிப்பார்.

அதற்காகவே சுற்றுவட்டாரத்தில் நன்றாக ஆடுகிற இளவட்டங்களைப் பிடித்து ஒப்பந்தம் போட்டார். சீசன் முழுக்கச் சாப்பாடு, பஸ் செலவு, கொஞ்சம் படி. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் பெரிய ஆசையைக் காட்டினார். ஒரே சீசனில் பத்து மேட்ச் முழுசாக, கடைசி விசில் வரைக்கும் ஆடியவனுக்கு ஆலையில் நிரந்தர வேலை. ஆலைக்குப் பின்னால் ஓட்டு வீடு. நடுவில் வெளியே வந்த மேட்ச் கணக்கில் சேராது.

தங்கையன் கையெழுத்துப் போட்டது அந்த வேலைக்காகத்தான். குடவாசல் பக்கத்தில் அவன் ஊர். அப்பா ஐயாவு, சாமா ஐயரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். ஐயர் அவரை ஒரே வயலில் ஊன்ற விட்டதில்லை. இந்த வருஷம் வாய்க்கால் தலைப்பில் உழுதால் அடுத்த வருஷம் கடைமடையில் உழ வேண்டும். "மண்ணு மாறினா வெள்ளாமை நன்னா வரும்டா ஐயாவு" என்பார். ஐயாவுவும் அதை ஐயர் காட்டும் கருணை என்றே நம்பினார். பிறகு, சாகுபடி பண்ணுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதியலாம் என்று சட்டம் வந்தது. ஐயாவு வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். "எந்த வயல்?" என்று கேட்டார்கள். மனுஷன் நாலு பக்கமும் கையைக் காட்டினார். போன சுருக்கில் திரும்பியும் வந்தார். வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

அந்த சாமா ஐயர் மகன்தான் நாணு. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தில் பாதியை வந்த விலைக்குத் தள்ளியாகிவிட்டது. நாணு பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றியவன், அவனும் பஞ்சநதத்தின் டீமுக்கே வந்து சேர்ந்தான். வந்தவன் பேக்காகவோ கோலியாகவோ நிற்கக் கூடாதா? அவனும் தங்கையனைப் போல இடது ஓரத்தில் ஓடுகிற லெஃப்ட் அவுட். டீமில் அந்த இடம் ஒன்றே ஒன்று.

"அப்பன் வயல்ல ஊன விடல. மவன் கிரவுண்டுலயும் ஊன விடமாட்டான் போலருக்கு" என்று தங்கையன் வீட்டில் வந்து பொருமினான்.

அம்மா ராமாயி சட்டென்று கேட்டாள். "நீ அங்க பந்தைப் பாக்குறியா, அந்தப் புள்ளையைப் பாக்குறியா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பாவி, பந்தைவிட நாணுவைத்தான் அதிகம் பார்த்தான். முதலாளி ஒரு வாரம் தங்கையனை இறக்குவார். சில மேட்சில் கடைசி விசில் வரைக்கும் விட்டுவைப்பார், பல மேட்சில் ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோட்டோரம் நின்று துண்டை ஆட்டுவார். "போதும், வாய்யா!" நாணு உள்ளே ஓடுவான். அடுத்த வாரம் நாணு ஆடுவான். அதே ஐந்து நிமிஷம், அதே துண்டு, தங்கையன் உள்ளே ஓடுவான். தன்னைக் கூப்பிட்டால், நாணு முதலாளி காதில் ஏதோ ஓதிவிட்டான் என்று பல்லைக் கடிப்பான். நாணுவைக் கூப்பிட்டால், நல்லா வேணும் என்று குளிர்ந்து போவான். துண்டு ஏன் இரண்டு பேருக்கும் ஆடுகிறது என்று ஒரு நாளாவது யோசித்தானா? இல்லையே!

இப்படி இழுபறியாகவே சீசன் ஓடியது. இருவருக்கும் ஒன்பது முழு மேட்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது பட்டுக்கோட்டை ஃபைனல் ஒன்றுதான்.

முதல் நாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து பம்புசெட்டில் குளித்தார்கள். நாணுவின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. தங்கையன் அதைப் பார்த்துவிட்டான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேடா தங்கையா. நாளைக்கு ஒரு நாள் தாங்கிட்டா போறும்" என்றான் நாணு.

"நான் ஏங்க சொல்லப்போறேன்?" என்றான் தங்கையன். ஆட்டத்தில் 'நாணு' என்று கத்துகிற வாய், கோட்டைத் தாண்டினால் 'வாங்க போங்க' என்று தானாக மாறிவிடும். அந்த எரிச்சல் வேறு.

தலையைக்கூடத் துவட்டவில்லை. நேரே முதலாளியிடம் போய் நின்றான்.

"அப்படியா சேதி!" என்றார் முதலாளி. "நல்லதாப் போச்சு. ஒனக்குத்தான்யா டீம் மேல அக்கறை."

அன்றைக்குத் தங்கையனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வரைக்கும் மனசு போய்விட்டது.

பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்பை ஒட்டிய மைதானம். கேலரி கொள்ளாத கூட்டம். மைக்கில் பெயர் வாசித்தார்கள். "லெஃப்ட் அவுட், பக்கீர் முகம்மது!" அதிராம்பட்டினத்திலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்த புது ஆள். தங்கையனுக்கு ஒன்றும் ஓடவில்லை. நாணுவும் அவனும் ஒரே நேரத்தில் முதலாளி முன்னால் போய் நின்றார்கள்.

"முட்டிய வச்சிக்கிட்டு எப்படித் தம்பி ஆடுவே?" என்று நாணுவிடம் பரிவாகச் சொன்னார் முதலாளி. பிறகு இவன் பக்கம் திரும்பினார். "தங்கையா, நீ விவசாயச் சங்கத்துக் கூட்டத்துக்கெல்லாம் போறியாமே? செங்கொடி புடிச்சவனை இறக்குனா இங்க கலாட்டாவாயிடும்யா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போங்க."

சங்கத்துக் கூட்டத்தில் தங்கையனைப் பார்த்தவன் மில் டீமில் ஒருவன்தான். குடவாசல் கடைத்தெருவில் கூட்டம் நடந்தபோது அந்த வழியாகச் சைக்கிளில் போன நாணு. தங்கையன் நாணுவைப் பார்த்தான். நாணு தன் முழங்காலைப் பார்த்தான், பிறகு தங்கையனைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது. கோள் சொல்லப் போனதிலும் ஒருத்தனுக்கு ஒருத்தன் சளைக்கவில்லை!

பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இடது ஓரத்தில் பக்கீர் பறந்துகொண்டிருந்தான். நாணு சிரித்தான்.

"எங்காத்துல உங்கப்பாவுக்கு வயலை மாத்தி மாத்திக் குடுத்தா பாரு, அதே வேலைடா இது. ஒருத்தனையும் ஓரெடத்துல ஊன விடப்படாது. ஊனிட்டான்னா உரிமை வந்துடும். எங்கப்பா வாயாலேயே கேட்டிருக்கேன்."

தங்கையனுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். வீட்டில் அடுப்பு எரியாமல் போனதே அதனால்தான். அவன் கண்ணில் படாதது, ஐயர் வீட்டுப் பிள்ளை கண்ணில் பட்டுவிட்டது. இவன் கண்ணில் எப்படிப் படும்? சீசன் முழுக்க முதலாளி கையை எங்கே பார்த்தான், நாணு காலையல்லவா பார்த்துக்கொண்டிருந்தான்! அவமானம் பிடுங்கித் தின்றது.

சரி, ஏமாந்ததிலாவது இரண்டு பேரும் சரிசமம் என்று கொஞ்சம் ஆறுதல் பட்டான். அந்த ஆறுதலும் ஒரு வாரம் தாங்கவில்லை. நாணுவுக்கு மதராஸில் மாமா இருந்தார். துறைமுகத்தில் குமாஸ்தா வேலையும் இருந்தது. முழங்காலில் கட்டோடு ரயில் ஏறிவிட்டான். தங்கையனுக்கு மதராஸில் யார் இருக்கிறார்கள்? திரும்பவும் வயிறு எரிய ஆரம்பித்தது.

அடுத்த சீசனுக்கு முதலாளி ஆள் அனுப்பினார். போகக் கூடாது என்றுதான் இருந்தான். வேலை என்றால் சும்மாவா? போனான். லெஃப்ட் அவுட் இடம் பக்கீருக்குப் போய்விட்டிருந்தது. தங்கையனுக்குப் பெஞ்சும் கடைசி ஐந்து நிமிஷமும்தான். பக்கீர் நல்ல பையன், ஆட்டமோ இரண்டு மடங்கு நல்ல ஆட்டம். பொறாமைக்குக் கேட்க வேண்டுமா? நாணுவை விட்டு இறங்கி இவன் மேல் ஏறிக்கொண்டது.

ஆனாலும் பக்கீருக்கு ஒன்பது முழு மேட்ச் முடிந்த அன்றைக்குத் தங்கையனுக்கு மனசு கேட்கவில்லை. தனியாக அழைத்துப் போனான். வயல் கதை, துண்டுக் கதை, தான் கோள் சொன்னது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். "பத்தாவதை முடிக்க விடமாட்டாரு தம்பி. சூதானமா இரு."

பக்கீர் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "அண்ணே, ஒங்க எடம் போனதுல ஒங்களுக்கு வருத்தம். அதான் பொறாமையில என்னென்னமோ பேசுறீங்க. முதலாளி தங்கமான மனுஷன்ணே."

தங்கையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆயுசில் ஒரே ஒரு தடவை பொறாமையில்லாமல் ஒரு வார்த்தை பேசினால், அதைப் போய்ப் பொறாமை என்கிறானே!

மறுநாள் பாபநாசத்திலேயே ஃபைனல். மில் டீம் முந்திவிட்டிருந்தது. முடிய ஐந்து நிமிஷம். முதலாளி துண்டை எடுத்தார். "பக்கீரு, போதும் வாய்யா! தங்கையா, எறங்கு!"

தங்கையன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எறங்குடா!"

"கால் புடிச்சிக்கிச்சுங்க."

பெஞ்சில் வேறு ஆளும் இல்லை. இருந்த இன்னொருவன் முதல் பாதியிலேயே அடிபட்டவனுக்குப் பதிலாக உள்ளே போயிருந்தான். முதலாளி முகம் கறுத்தது. அதற்குள் தங்கையன் எழுந்து, பிடித்துக்கொண்ட காலோடு மைக் பிடித்திருந்தவரிடம் ஓட்டமாக ஓடி, காதில் ஏதோ சொன்னான். கடைசி விசில் ஊதியது. மைக் அலறியது. "பக்கீர் முகம்மதுக்கு இது பத்தாவது முழு மேட்ச்! சொன்ன சொல் தவறாத பஞ்சநதம் முதலாளி அவருக்கு ஆலையில் நிரந்தர வேலை கொடுக்கிறார்!"

கூட்டம் விசிலடித்தது. முதலாளியால் வேறென்ன செய்ய முடியும்? சிரித்துக்கொண்டே பக்கீருக்கு மாலை போட்டார். போட்டுவிட்டுத் திரும்பி, பல்லிடுக்கில் தங்கையனிடம் சொன்னார். "இனிமே மில் வாசப்படிய மிதிச்சே, காலை ஒடிப்பேன்."

மிதிக்கவில்லை. தங்கையன் ஊருக்குப் போய் அப்பாவோடு கலப்பையைப் பிடித்தான். கடைசி வரைக்கும் விவசாயிதான்.

தஞ்சாவூர் போக வேண்டியிருந்தால் கும்பகோணம், பாபநாசம் வழியாகத்தான் பஸ். மில்லுக்குப் பின்னால் அந்த ஓட்டு வீடு சாலையிலிருந்தே தெரியும். வாசலில் முருங்கை, கொடியில் துணி, உள்ளே ரேடியோ பாட்டு. பக்கீர் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி: "தங்கையண்ணன் நல்ல ஆட்டக்காரர்தான். என்ன செய்யறது, பொறாமை. அன்னைக்கு எறங்கச் சொல்லியும் பொறாமையில எறங்கவே மாட்டேன்னுட்டாரு."

பாபநாசம் வரும்போது தங்கையன் பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார மாட்டான். யாரையாவது கெஞ்சியாவது இடம் மாறிக்கொள்வான்.